வெறுங்காலுக்குத் தெரிந்தது

ஹினே அக்கா மாடுகளை அடிக்கிறாள் என்ற பேச்சு, நான் நியூசிலாந்து திரும்பிய வாரத்தில் எங்கள் சாலை முழுக்கப் பரவியிருந்தது. மாடுகள் பால் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டன. உள்ளே தள்ளினால் கால் மாற்றி மாற்றி ஆடின, கறவைக் குழாயை உதைத்தன, பாலை அடக்கிக்கொண்டன. அடிபட்ட மாடுதான் அப்படிச் செய்யும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

அக்கா என் பெரியப்பா மகள். பள்ளியை விட்டதிலிருந்து பிறர் மாடுகளைக் கறந்தே வாழ்பவள். குச்சி எடுக்கமாட்டாள், கெட்ட வார்த்தை மட்டும் தாராளமாக வரும். குடியிருந்தது பண்ணைக்காரர் நெவில் கொடுத்த வீட்டில். வேலை போனால் வீடும் போகும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாடு ஒழுங்கா உள்ள வரலைன்னா, வேற ஆளப் பாத்துக்கறேன் ஹினே."

"பாத்துக்கோங்க நெவில். வர்ற ஆளையும் அதுங்க உதைக்கும்."

வாய் அப்படி. என்னை உதவிக்குக் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது. "நீ பக்கத்துல நின்னு பாரு. நான் அடிக்கலைன்னு சொல்ல ஒரு ஆளாவது வேணும்டி."

வியாழன் மாலைக் கறவையில் ஒரு கிழட்டுப் பசு உதைத்ததில், அக்காவின் ரப்பர் பூட்ஸுக்குள் சாணித் தண்ணீர் நிறைந்தது. பசுவின் பரம்பரையையே திட்டிக்கொண்டு பூட்ஸைக் கழற்றினாள். வெறுங்காலை ஈரத் தரையில் ஊன்றி, விழாமலிருக்க இரும்புக் கம்பியைப் பிடித்தவள், கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"என்னக்கா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

பூட்ஸை மாட்டிக்கொண்டு தொட்டாள். ஒன்றுமில்லை. கழற்றிவிட்டுத் தொட்டாள்.

"அடிப்பாவி, கரண்டு!"

கடைக்குக்கூட வெறுங்காலோடு போகிற ஊர் எங்களுடையது. கொட்டகைக்குள் மட்டும் ரப்பர் இல்லாமல் யாரும் கால் வைப்பதில்லை. எங்கிருந்தோ கசிந்த சொற்ப மின்சாரம், ஈரத்தில் நின்ற குளம்புகள் வழியே நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. நமக்குக் கூச்சமாகக்கூடப் படாத அளவே மாட்டை மிரள வைக்கப் போதும். ஒவ்வொரு கறவையிலும் அவை உதைத்து உதைத்துச் சொல்லியிருக்கின்றன. நாங்கள் அதில் அக்காவின் குணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நெவில் வந்ததும், "பூட்ஸைக் கழட்டுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அட, கழட்டுங்கன்னா!"

ஓட்டை சாக்ஸோடு தண்ணீரில் நின்று கம்பியைத் தொட்ட நெவில், ஒரு துள்ளு துள்ளினார். கசிவு அதிலிருந்துதானோ என்று, குழாய் கழுவச் சுடுதண்ணீர் காய்ச்சும் மின்கொதிகலனைப் போய் அணைத்தார். திரும்பி வந்து, பயந்து பயந்து விரல் நுனியால் தொட்டார். ஊர்தல் நின்றிருந்தது.

கிழட்டுப் பசு அப்போதும் தரையை முகர்ந்துகொண்டே நின்றது.

"அதுங்க உடனே நம்பாது," என்றாள் அக்கா. "நாளைக்கு வெள்ளி."

"வெள்ளி கெடக்கட்டும். அதுங்க எப்ப வருதோ வரட்டும்."

"அப்ப சாலையில இருக்கற எல்லார்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க, நான் அடிக்கலைன்னு."

நெவில் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, ஈரக்காலைப் பூட்ஸுக்குள் திணித்தார்.

"சொல்றேன் தாயே. மொதல்ல இந்த சாக்ஸ் காயட்டும்."