வெள்ளிக்கிழமைக் கருவாடு

என் எதிர்வீட்டுச் சுபோதினிக்கு வாய் நீளம் என்று எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறவளுக்கு வாயும் இல்லையென்றால் ஏறி மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள். கணவன் உமாசுதன் வீட்டில் தனியே. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றி, இரண்டு வருடத்துக்கு முன்னர் அவனுக்குக் கண்பார்வை போய்விட்டது.

அந்த வீட்டுக்குள் அவன் நடமாடுவதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். சுவரும் கதிரையும் கேத்திலும் அவன் கைக்குப் பழக்கம். தேத்தண்ணீர் தானே போடுவான். படியிறங்கி, ஒழுங்கை முனையில் ஜாபிரின் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவான். செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வணக்கம் சொல்லுவான்.

"வேற வீட்டுக்குப் போனா அவர் குருடன் அக்கா. இஞ்ச இல்லை," என்று ஒருநாள் சுபோதினி என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சத்தம் போடவில்லை.

வீட்டுக்காரர் யோகநாதன் மேல்மாடியில் இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். உமாசுதனின் கண் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்பது சுபோதினியின் கட்டளை. "தெரிஞ்சா எங்கட கழுத்தில கால் வைப்பார்," என்றாள். நாங்களும் வாய் திறக்கவில்லை.

போன ஆவணியில் மனிதர் வந்து வாசலில் நின்றார்.

"பிள்ளை, எல்லாச் சாமானும் விலை ஏறிப்போச்சு. வாற மாசத்திலயிருந்து முப்பதாயிரம் கூட்டித் தாங்கோ."

"முப்பதோ? ஐயா, குழாயில தண்ணி வாறதே விடியக்காலமை கொஞ்ச நேரம். அதுக்கு முப்பதாயிரமோ?"

"விருப்பமில்லாட்டி எழும்புங்கோ. ஆக்கள் வரிசையில நிக்கினம்."

"எழும்புறம். கொலன்னாவையில வீடு பாத்தாச்சு."

பச்சைப் பொய். கொலன்னாவைப் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒழுங்காக வாடகை தருகிறவர்களை விட மனமில்லாமல் பத்துக்கு இறங்கிவருவார், பத்தென்றால் எப்படியும் சமாளிக்கலாம் என்பது அவள் நினைப்பு.

அவரோ பேப்பரில் விளம்பரம் போட்டார், சைவக் குடும்பத்துக்கு மட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வீடு பார்க்க வந்தார்கள். அந்த வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் சுபோதினி இத்தனை காலமும் யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் மீன் பொரித்தாள். இப்போது எல்லா யன்னலையும் அகலத் திறந்தாள். திருக்கைக் கருவாட்டைச் சட்டியில் போட்டாள். அடடா, என்ன மணம்! எனக்கு எச்சில் ஊறியது. வந்தவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்கள்.

"வேணுமெண்டு செய்யிறீர்!" என்று யோகநாதன் குதித்தார்.

"போற வீட்டில என்னத்தைச் சமைச்சா என்ன ஐயா?"

அவர் இருபதுக்கு வந்தார். பிறகு பதினைந்து என்றார். இன்னும் ஒரு ஞாயிறு, அவ்வளவுதான், என்று சுபோதினி என் வீட்டுக்கு வந்து சிரித்தாள்.

அவருக்கும் மூளை இருந்தது. சுபோதினி வேலைக்குப் போன நேரம் பார்த்து, தன்னிடமிருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்து, ஒரு புருசன் பெண்சாதியைக் கூட்டிவந்தார். உமாசுதன் கடைக்குப் போயிருந்தான். தளபாடம் இழுபடும் சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முன் ஹோல் பெரிதாகத் தெரியவேண்டுமாம். அலுமாரியை மூலைக்குத் தள்ளி, கதிரைகளை ஒதுக்கி, மேசையைக் கதவுப் பக்கம் இழுத்து விட்டிருந்தார்.

"அடுத்தவன்ர சாமானில கை வைக்க ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

"இது என்ர வீடு. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அந்த நேரம் பார்த்து உமாசுதன் பாணும் கையுமாக, வழக்கமான அதே வேகத்தில் உள்ளே வந்தான். "தம்பி, நில்லும்!" என்று கத்தினேன். பிந்திவிட்டது. மேசை விளிம்பில் இடுப்பு மோதி, முகங்குப்புற விழுந்தான். நெற்றி வெடித்து இரத்தம். அதைத் துடைக்கக்கூட இல்லை; தரையில் இரண்டு கையாலும் தடவிக்கொண்டு, "என்ர கதிரை எங்க? அலுமாரி எங்க?" என்று கேட்டான்.

வந்தவர்கள் நழுவிவிட்டார்கள். யோகநாதன் பார்த்தபடியே நின்றார்.

"இவருக்குக் கண் தெரியாதோ?"

அவரே குனிந்து உமாசுதனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். தண்ணீர் கொடுத்தார். மனிதர் இளகிவிட்டார் என்று எனக்குப் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அடுத்த நாள் காலை திருநீற்றுப் பூச்சோடு கீழே வந்தார்.

"பாவம் தம்பி. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை. இப்பதான் விளங்குது, நீங்கள் ஒரு இடமும் போகமாட்டியள்." சால்வையை இழுத்துச் சரிசெய்தார். "முப்பத்தைஞ்சு தாங்கோ."

நான் சுபோதினியின் வாயைப் பார்த்தேன். அது திறக்கவில்லை. அவள் திரும்பி, உமாசுதனின் நெற்றிப் பிளாஸ்டரைப் பார்த்தாள். அலுமாரியை இரவே பழைய இடத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள். "சரி," என்றாள். நாசமாய்ப் போவான் என்று நான்தான் என் வாசலில் நின்று சபித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மேல்மாடியில் பூசை மணி கேட்டது. கீழே சுபோதினி யன்னல்களைத் திறந்தாள். சட்டி காய்ந்தது. கற்பூரத் தட்டும் கையுமாக யோகநாதன் படியால் ஓடிவந்தார்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

"தெரியும் ஐயா," என்றாள் சுபோதினி, கருவாட்டைப் புரட்டியபடியே. "முப்பது வீட்டுக்கு. மிச்சம் அஞ்சும் இந்த மணத்துக்கு. மாசாமாசம் தருவன்."