கிழ எலிகளை எழுப்பியது யார்

இரண்டாயிரத்து ஆறில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தேன். எலியை அரை மணி நேரம் குழாய்க்குள் அடைத்தால், பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் அதன் ரத்தத்தில் ஏறும். இளம் எலிக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். கிழ எலிக்கு நெடுநேரம் இறங்காது. எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் ஆய்வு. அடைப்பதற்கு முன் எடுக்கும் முதல் ரத்தத்தில் அளவு குறைவாக இருக்க வேண்டும்.

இளம் எலிகளுக்கு அப்படித்தான் இருந்தது. கிழ எலிகளுக்கு மட்டும் மூன்று வாரமாக முதல் ரத்தத்திலேயே ஏறியிருந்தது. யாரோ அவற்றைத் தொந்தரவு செய்கிறார்கள்.

காலையில் அந்த அறைக்குள் வருவது நானும் தரை துடைக்கும் அக்காவும்தான். கிழ எலிகளின் அடுக்கு கதவோரம் இருந்தது; அவருடைய வாளியும் அங்கேதான். வாளி இடம் மாறியிருந்தால் குறித்துவைத்தேன். அவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்த ஆள்தானே, திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக்குள் விட வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாளும் வழக்கம்போல், ரத்தம் எடுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் போனேன். அக்கா அறை வாசலில் நின்றிருந்தார். கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்க இந்தக் கூண்டுங்கள நகத்துறீங்களா?"

"நானா? நீ வேலய முடிச்சப்புறம்தான் நான் தொடப்பத்தயே தொடுவேன். நீதாம்மா வந்ததும் ஒவ்வொரு பொட்டியா இஸ்து, மூடியத் தொறந்து நம்பர் பாக்குற. அப்பால மறுபடியும் மொதல்லேர்ந்து. ஊட்ல கொயந்தயயும் இப்டிதான் எழுப்பி எழுப்பிப் பாப்பியா?"

என் கை அப்போது ஒரு கூண்டின் மூடிமேல் இருந்தது. மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க, பத்து மாத மகளை அன்று கிளம்பும்முன் இரண்டு முறை எழுப்பியிருந்தேன்.

எல்லா எலிகளையும் நான்தான் கலைத்திருக்கிறேன். இளசுகள் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டன. கிழடுகளுக்கு அது போதவில்லை.

மேலாளரிடம் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"நேத்து அவ்ளோ உறுதியா சொன்னீங்களே?"

"தப்பு என்னுதுதான் சார்."

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ரத்தம் எடுக்கும் நேரம் வரும்வரை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கிழ எலிகளின் முதல் அளவு இறங்கியது. நான் கேட்டதால் அக்காதான் எதையோ நிறுத்திக்கொண்டாரோ என்று அப்போதும் ஒரு நாள் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.