லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கிய விதம்

எங்கள் இலாகாவில் ஃபைலுக்கும் சினிமாவுக்கும் ஒரே விதிதான். மேலதிகாரி பார்க்காத பக்கம் இன்னும் புரட்டப்படவில்லை என்று பொருள். ஆகவே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அதிகாரி தாமதமாக உள்ளே வந்தால், படத்தை நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, முதலிலிருந்து போட வேண்டும். அவரைவிடப் பெரியவர் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதிகளையெல்லாம் மீறியவர்கள்கூட இதை மீறியதில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் கேரளத்தில், மூணாறு பக்கம், சித்திரபுரத்து மின்சார இலாகா குடியிருப்பில் குமாஸ்தா. என் சொந்த ஊர் கோவிந்தாபுரம் பக்கம். வெயிலில் காய்ந்து வளர்ந்தவனை மலைமேல் மூடுபனிக்குள் போட்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் நிறையப் படித்தேன். படிப்பாளி என்று பெயர் வந்ததும் வாசகசாலைக்குச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளர் ஆனதும் அங்கிருந்த பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரும் ஸ்பூல் டேப் ரிக்கார்டரும் என் தலையில் விழுந்தன. இரண்டின் கையேட்டையும் கடைசிப் பக்கம் வரை படித்தவன் குடியிருப்பிலேயே நான் ஒருவன்தான். அதைப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்த வருஷம் இலாகா ஒரு படம் எடுத்திருந்தது. மின்சாரம் உண்டாகும் விதம் முதல் ரீலில். மின்சாரத்தில் அடிபட்டுச் சாகாமல் வேலை செய்யும் விதம் இரண்டாவது ரீலில். ஒவ்வொன்றும் பத்துப் பதினோரு நிமிஷம். படம் எங்கள் பக்கத்திலேயே எடுத்தது. ஆனால் புரொஜெக்டரில், ஃபிலிமின் ஓரத்தில் பதிந்திருக்கும் ஒலியைப் படிக்கிற சிறு விளக்கு எரிந்துபோயிருந்தது. புது விளக்கு கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் அந்த விளக்கைவிட அதிக வெளிச்சமாக எங்கோ ஒரு மேஜையில் கிடந்தது. அதனால் படத்துக்கு நானே தமிழில் விளக்கவுரை எழுதி, நானே படித்து, டேப்பில் பதிந்தேன். புரொஜெக்டரையும் டேப்பையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிட வேண்டும். அப்புறம் இரண்டும் தத்தம் மனம்போல ஓடும்.

உரையின் தரத்தைப் பற்றி ஒரு சொல். ‘அன்பார்ந்த பெருமக்களே, நீர் நெருப்பாகும் விந்தையைக் காண வாரீர்’ என்று தொடங்கும். அருவி வரும் இடத்தில், ‘இதோ, வெண்பட்டு உடுத்திய மலைமகள் அச்சமின்றி, அசைந்து அசைந்து, மேலிருந்து கீழே இறங்குகிறாள்’ என்று வரும். இதை எழுதிய இரவு எனக்கு என்மேலேயே மரியாதை பெருகியது. இருபத்து நாலு வயது.

இந்தப் படத்தை இலாகா மறந்திருந்தாலும் ஒருவர் மறக்கவில்லை. எங்கள் பிரிவு லைன்மேன். இரண்டாவது ரீலின் நடுவில், இடுப்பில் பெல்ட் கட்டிக் கம்பத்தில் ஏறிக்காட்டுகிறவர் அவர்தான். தோளில் துண்டோடு ஏறினார். பாதிக் கம்பத்தில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. பாதுகாப்பைப் பற்றிய படத்தில் இப்படி ஆகலாமா என்று படம் எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. உச்சிக்குப் போய் ஒரு கும்பிடும் போட்டார். காமிரா நின்றது. அதற்குப் பிறகு நடந்தது படத்தில் இல்லை. இருபது வருஷமாகக் கம்பம் ஏறுகிற மனிதருக்கு, அத்தனை பேர் அண்ணாந்து பார்த்ததில் கால் உதறிவிட்டது. ஏணி வைத்துத்தான் இறக்கினோம். ஏணியின் ஒரு காலைப் பிடித்தவன் நான்.

ஏணி அவருக்கு ஆகாத பொருள். அவருடைய மாமனார் போடியில் ஏலக்காய் மண்டியில் தராசு பிடித்தவர். நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். மருமகன் கம்பமெல்லாம் ஏறுவதில்லை, ஏறுகிறவர்களுக்கு ஏணி தூக்கிக் கொடுக்கிறவர் என்று கல்யாணமான வருஷமே முடிவுகட்டி, வீட்டு விசேஷங்களில் எல்லார் முன்னாலும் ‘ஏணி மாப்ள’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் போடப்போகிறோம் என்று தெரிந்ததும் லைன்மேன் போடிக்கே போய் அவரை அழைத்து வந்துவிட்டார்.

“சார், மாமா வந்திருக்காக. நாலரை பஸ்ஸ விட்டா அவுகளுக்கு மூணாறுல போடி பஸ் கெடைக்காது. அதுக்குள்ள என்னையக் காட்டிப்புடணும்.”

“மூணு மணிக்குப் போட்டா மூணரைக்கு முடிஞ்சிருமுங்க. எதுக்குப் பயப்படறீங்க?” என்றேன்.

“உச்சியில கும்புடுதேன்ல, அந்த எடத்துல மட்டும் படத்த ரெண்டு செகண்டு நிப்பாட்டுவீகளா?”

“நிறுத்தினா விளக்குச் சூட்டுல ஃபிலிம் எரிஞ்சு போயிருமுங்க. உங்க நெஞ்சுல ஓட்டை விழும்.”

“சின்ன ஓட்டைதான சார், பரவால்ல.”

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாசகசாலை ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்கியிருந்தோம். உள்ளே ஈர ஆட்டு வாசனை. முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் அதிகாரிகளுக்காகக் காலியாக இருந்தன. பின்னால் பெஞ்சுகளில் குடும்பங்கள். மாமனார் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், மடியில் துண்டும் பையுமாக, தராசு முள்ளைப் பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மூன்றேகாலுக்கு ஆரம்பித்தேன். மலைமகள் இறங்கி முடித்த நேரத்தில் ஓவர்சியர் வந்தார். நிறுத்தினேன். ஃபிலிமைச் சுற்றி, டேப்பைச் சுற்றி, அன்பார்ந்த பெருமக்களை மறுபடியும் அழைத்தேன். ஏழு நிமிஷம் கழித்து அசிஸ்டென்ட் இன்ஜினியர் வந்தார். இப்போது ஓவர்சியரே எழுந்து நின்று மலையாளத்தில் கத்தினார்.

“எடோ, சார் வந்நு! ஆத்யம் முதல் இடெடோ!”

ஆத்யம் முதல் இட்டேன், அதாவது முதலிலிருந்து போட்டேன். பெருமக்கள் மூன்றாம் முறை அழைக்கப்பட்டார்கள். பின்பெஞ்சுக் குழந்தைகளுக்கு என் உரை மனப்பாடமாகிவிட்டது. மலைமகள் வரும்போது டேப்புக்கு முன்னாலேயே அவர்கள் கூவினார்கள். என் எழுத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய வரவேற்பு கிடைத்ததில்லை.

“என்ன மாப்ள, தண்ணி தண்ணியாக் காட்டுதாக? நீ எப்ப ஏறுவ? ஏணி இன்னும் வரலையோ?” என்று மாமனார் இருட்டில் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“இந்தா வந்துரும் மாமா. அடுத்த ரீலு.”

முதல் ரீல் முடியும் தறுவாயில் கதவு திறந்து வெளிச்சம் பாய்ந்தது. எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். முன்வரிசை மொத்தமாக எழுந்தது. அவருக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஓவர்சியர் என் பக்கம் திரும்பி விரலால் காற்றில் வட்டம் போட்டார். சுற்று என்று அர்த்தம். மணி நாலு பத்து.

லைன்மேன் இடத்தைவிட்டு எழுந்தார். புரொஜெக்டர் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அப்படிப் பார்ப்பதற்கு அவர் ஏதாவது திட்டியிருக்கலாம்.

நான் தைரியசாலி இல்லை. சம்பளம் வாங்குகிற கோழை. விதியை மீற எனக்குத் துணிவு கிடையாது. ஆனால் விதி சொல்வது ‘ஆரம்பத்திலிருந்து போடு’ என்பதுதானே? எந்த ரீலின் ஆரம்பம் என்று அது சொல்லவில்லை. முதல் ரீலை எடுத்துவிட்டு இரண்டாவது ரீலை மாட்டினேன். டேப்பை மட்டும் முறைப்படி முதலுக்குச் சுற்றினேன். இரண்டையும் முடுக்கினேன்.

‘அன்பார்ந்த பெருமக்களே, நீர் நெருப்பாகும் விந்தையைக் காண வாரீர்’ என்று என் குரல் அழைத்தது. திரையில் ஒருவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் அவர் நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்ததெல்லாம் வீண். அணைக்கட்டுக்கும் கையுறைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒருவராவது திரையைப் பார்த்திருக்க வேண்டும்.

லைன்மேன் கம்பத்தில் ஏறினார். ‘கோடிக்கணக்கான துளிகள் இங்கே சிறைப்பட்டிருக்கின்றன’ என்று டேப் சொன்னது. துண்டு விழுந்தது. உச்சியில் கும்பிட்டார். பெஞ்சுகளில் விசிலும் கைதட்டலும். லைன்மேன் மாமனாரிடம் ஓடினார்.

“பாத்தீகளா மாமா?”

“பாத்தேன்யா. ஏறிட்ட. எறங்குனதக் காட்டலையே?”

“எறங்காம அங்கனயேவா மாமா இருக்கேன்? உங்க முன்னாடிதான நிக்கேன்!”

“ஏணி வச்சு எறக்குனாகளோ என்னமோ. ஏறுறதுக்கு என்னய்யா, ஆடுகூட ஏறும். எறங்குறதுலதான இருக்கு.”

சிரிப்பு மறுபடியும் எழுந்தது. என் கையில் அந்த ஏணியின் கால் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. மணி நாலே கால் தாண்டியிருந்தது.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு சாவியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதைத் திருப்பினால் படம் பின்னோக்கி ஓடும், அவசியமின்றித் தொடவேண்டாம். விளக்கை அணைத்தேன். மோட்டார் நின்றதும் சாவியைத் திருப்பினேன். மோட்டாரை ஓட்டி விளக்கைப் போட்டேன்.

“ஏனுங்க பெரியவரே, இறங்கறதும் இருக்குதுங்க. பாருங்க” என்று குரல் கொடுத்தேன்.

ஏறிய பிறகு படத்தில் என்னென்னவோ நடந்திருந்தது; அதெல்லாம் சில நொடிகளில் தலைகீழ் நடையில் ஓடி மறைந்தது. லைன்மேன் உச்சியில் தோன்றிக் கும்பிட்டார். இறங்கத் தொடங்கினார். என்ன இறக்கம்! தயக்கமில்லை, தடுமாற்றமில்லை, கால் வைக்கவேண்டிய இடம் காலுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து டேப் அருவிக்கு வந்து சேர்ந்தது. ‘இதோ, வெண்பட்டு உடுத்திய மலைமகள் அச்சமின்றி, அசைந்து அசைந்து, மேலிருந்து கீழே இறங்குகிறாள்.’ குழந்தைகளும் சேர்ந்து கூவினார்கள். அன்று முழுவதும் படமும் ஒலியும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான். அதுவும் லைன்மேனின் மீசையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்.

பாதிக் கம்பத்தில் விபத்து. தரையில் கிடந்த துண்டு எழுந்து, பறந்து வந்து, அவர் தோளில் ஒழுங்காக உட்கார்ந்தது. கீழே வந்து சேர்ந்தவர் பின்பக்கமாக நடக்கத் தொடங்குமுன் விளக்கை அணைத்துவிட்டேன்.

மாமனார் எழுந்து நின்றார். நாற்பது வருஷம் தராசு பார்த்த கண்.

“அதெல்லாஞ் சரி. துண்டு எப்பிடிய்யா கீழருந்து மேல பறந்து வந்துச்சு?”

எனக்குக் கையேட்டில் எந்தப் பக்கமும் உதவவில்லை. லைன்மேன் இமைக்காமல் பதில் சொன்னார்.

“மலக்காத்து மாமா. இங்கன அப்பிடித்தேன் அடிக்கும்.”

மாமனார் யோசித்தார். இந்த மலையைப் பற்றி அவர் ஏற்கெனவே நல்லதாக எதுவும் நினைத்ததில்லை.

“அந்தக் காத்துலயுமாய்யா எறங்குன?”

“பொழப்பு மாமா.”

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் கோப்பையைக் கீழே வைத்து, படம் நன்றாக இருந்தது, முக்கியமாக விளக்கவுரை, என்றார். ஓவர்சியர் அதை உடனே ஆமோதித்தார். என் இலக்கிய வாழ்வில் நான் பெற்ற முதல் பாராட்டு இது. அதன் மதிப்பை அன்றே சரியாக எடைபோட்டுவிட்டதால், பிறகு வந்தவை எதுவும் என்னைக் கெடுக்கவில்லை.

நாலரை பஸ்ஸுக்கு மூவரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைச் செடியின்மேல் பனி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பஸ் வந்து நின்றதும் மாமனார் பையை மருமகனிடம் கொடுத்தார். மலையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படியில் கால் வைத்தார்.