விரல் எழாத வாரத்தில் ஒப்படைத்த நிரல்

முதலில் மரத்தது இடது கால் பெருவிரல். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர், அழைப்பிதழ் வடிவமைப்பது என் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கீபோர்டின் மேல் வைத்த விரல்கள் எழவில்லை. மதியத்துக்குள் நிற்கவும் முடியவில்லை.

மதுரை மருத்துவமனையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, கில்லன் பாரே நோய் என்றார்கள் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடுமாறி நரம்புகளைத் தாக்குவது). மருத்துவர் நடுவயதுப் பெண். எதையும் மறைக்கவில்லை.

"மூச்சுத் தசை வரைக்கும் ஏறலாம்மா. ஏறினா வென்டிலேட்டர் வைப்போம், அப்போ பேச முடியாது. சொல்ல வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் நினைத்தது ஒரு கணினி நிரலை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை இன்றைய கணினிகளில் படிக்கும்படி மாற்றித் தரும் சின்ன நிரல் அது. அச்சக வேலைக்காக எழுதி, யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று இணையத்தில் வைத்திருந்தேன். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதை நம்பியிருந்தார்கள். கடைசியாக நான் வெளியிட்ட பதிப்பில் ஒரு பிழை. சில பத்திகளைச் சத்தமில்லாமல் விழுங்கியது. ஒரு நூலகம் தன் கோப்புகளையெல்லாம் அதில்தான் மாற்றிக்கொண்டிருந்தது. நிரலை மேம்படுத்த இணையத்தில் உதவிவந்த யாழ்ப்பாணத்துத் தர்ஷினி திருத்தம் அனுப்பியிருந்தார். ஆனால் வெளியிடும் உரிமை என் ஒருத்தியிடம்தான்.

என் கணவர் பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில், பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைப்பவர். மடிக்கணினியைத் தொட்டதே இல்லை. கட்டிலருகே அதை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினார்.

"செவப்புல என்னமோ வருது, புள்ள."

"அமுக்குங்க. மொத்த உரிமையும் தர்ஷினிக்குப் போயிரும். அவ நெனச்சா நாளைக்கு என்னையே நீக்கிரலாம்."

"அவுகளப் பாத்திருக்கியா?"

"இல்ல. குரல்கூடக் கேட்டதில்ல."

"பெறகு எப்பிடி?"

"நாலு வருசமா அவ எழுதுனதப் படிச்சிருக்கேன். தப்புப் பண்ணா அவளே முதல்ல சொல்லிருவா."

"மருந்து ரூம்ல பக்கத்துல இருக்கவன நம்பித்தான் நாங்களும் வீடு வந்து சேருதோம்" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

மறுநாள் மூச்சு திணறி, குழாய் வைத்தார்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்). ஒரு குப்பியில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் சேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். அசைய முடியாத நான், சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி கிடந்தேன். இவர்களில் எவருக்கும் என்னைத் தெரியாது. கும்பிடக் கை எழவில்லை.

குழாயை எடுத்துச் சில வாரங்கள் கழித்து நிரலின் பக்கத்தைக் கணவர் திறந்து காட்டினார். உரிமை போய்ச் சேர்ந்த அன்றே தர்ஷினி திருத்தத்தை வெளியிட்டிருந்தார். வேறு மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். என்னைத் தவிர எவருக்கும் புரியாது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்ட பகுதியைப் பாதி வரிகளில், அழகாக எழுதியிருந்தார்கள். முதலில் ஒரு குத்தல். பிறகு நெடுநேரம் வியப்பு மட்டும்.

தர்ஷினியின் குரல் பதிவும் வந்திருந்தது. "அக்கா, நீங்கள் எழுதி வச்ச குறிப்புகள் இருந்தபடியாத்தான் எங்களால செய்ய ஏலுமா இருந்தது. கெதியாச் சுகப்படுங்கோ."

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு: நரம்பு தேறும், பெரும்பாலும். ஆனால் அதன் வேகத்தில்தான். எனக்குச் சட்டைப் பொத்தான் போட ஏழு மாதம் ஆனது. பாதம் இன்னும் முழுதாக என்னுடையதில்லை. தரை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது.

நேற்று நிரலில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டிருந்ததைக் கண்டேன். அந்த ஒரு வரியைத் திருத்தி அடிக்க முற்பகல் முழுதும் ஆனது. நீண்ட நேரமாகத் தோன்றவில்லை. மற்றவர்களைப் போலவே தர்ஷினிக்கு அனுப்பிவிட்டு, அவர் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதற்காகக் காத்திருக்கிறேன்.