நல்ல தண்ணீர் ஆமை

குருநகர்க் கரையில் யாருடைய வலையிலாவது பெரிய ஆமை ஏறிவிட்டால் யாகோப்புக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஓட்டைப் பிரித்து, இறைச்சியைச் சேதமில்லாமல் எடுத்து, பங்கு போடுவதில் அவருடைய கைக்கு ஒரு பெயர் இருந்தது. அவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. மீன் வெட்டுவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது அவருடைய வீட்டுக் கூரை போயிற்று. கரையில் நின்ற வள்ளமும் பிளந்துபோயிற்று. அவரும் மனைவி செபஸ்தியம்மாவும் சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு நீர்வேலிக்கு வந்தார்கள். பிள்ளைகள் இல்லாததால் சுமை குறைவு. வாழைத்தோட்டக்காரி கமலாவதி உர மூட்டைகள் வைக்கும் அறையைத் துப்புரவாக்கி அவர்களுக்குக் கொடுத்தார். கமலாவதிக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் ஜெர்மனியில். சிரிப்பைக் கொஞ்சம் சிக்கனமாகவே செலவழிக்கிற மனுசி.

யாகோப்பு அவருடைய தோட்டத்திலேயே வேலைக்கு நின்றார். மண்வெட்டி கைக்குப் பழகவில்லை. விடிய எழும்பியதும் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பார்த்து என்ன செய்வது என்று மண்வெட்டியை எடுத்துக்கொள்வார். நாளாக ஆக அவருடைய பேச்சே குறைந்துபோயிற்று.

கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு நாள் வாழைகளுக்கு நடுவே வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் நகர்ந்தது. குனிந்து எடுத்தார். தீப்பெட்டி அளவு ஆமைக்குஞ்சு. உள்ளங்கையில் நாலு காலும் துழாவின. நகங்கள் பட்டுக் கை மெல்லக் கூசியது. அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"உதிலை என்னத்தை வெட்டப்போறியள்?" என்று செபஸ்தியம்மா கேட்டார்.

"வெட்ட இல்லை. சும்மா வச்சிருக்க."

கிணற்றடியில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பிக் குஞ்சை விட்டார். காகம் கொத்தாமல் இருக்கப் பழைய வலைத்துண்டு ஒன்றால் மூடிக் கட்டினார். மண்புழு கிண்டிக் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கடற்கதை எல்லாம் சொல்லுவார்.

"என்னோடை கதைக்காததை எல்லாம் அதோடை கதைக்கிறியள்" என்றார் செபஸ்தியம்மா. குறையாகச் சொல்லவில்லை. கணவரின் குரல் திரும்பவும் கேட்கிறதே என்று அவருக்குச் சந்தோசம்.

மூன்றாம் நாள் கமலாவதி கண்டுவிட்டார். தொட்டியை எட்டிப் பார்த்தவர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

"யாகோப்பு, ஆமை வீட்டுக்கு ஆகாது. கொண்டுபோய் எங்கையாவது விடும்."

"வீட்டுக்குள்ளை இல்லை அக்கா. கிணத்தடியிலைதானே கிடக்கு."

கமலாவதி வீட்டையும் கிணற்றையும் இடையில் நின்ற எலுமிச்சை மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தத் தேசிமரத்தைத் தாண்டி இஞ்சாலை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

மார்கழிக் குளிரில் குஞ்சு சாப்பிடுவதை விட்டது. யாகோப்பு யோசித்தார். ஆமை என்றால் அவருக்குத் தெரிந்தது கடலாமைதான். உப்பு இல்லாததால்தான் இப்படியென்று நினைத்து, தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கரைத்தார். குஞ்சின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓடு விரலுக்கு மெத்தென்று இருந்தது. அது தொட்டிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே நின்றது.

அன்று கமலாவதி தண்ணீர் அள்ள வந்தபோது யாகோப்பு தலையில் கை வைத்தபடி இருந்தார்.

"எத்தினை ஆமையை வெட்டின கை அக்கா இது. ஒரு குஞ்சைப் பாக்கத் தெரியேல்லை."

கமலாவதி வாளியை வைத்துவிட்டு முதல் தரமாகத் தொட்டிக்குக் கிட்ட வந்தார். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பைப் போட்டனீரோ? இது நல்ல தண்ணிச் சாமான். எங்கடை வாய்க்காலுக்கை உதுகள் எப்பவும் வெய்யிலிலை ஏறிக் கிடக்கிறதை நான் கண்டிருக்கிறன். இதுக்கு ஏறிக் கிடக்க இடம் எங்கை?"

இரண்டு பேருமாகத் தொட்டியைக் கழுவிப் புதுத்தண்ணீர் இறைத்தார்கள். நிழலில் கிடந்த தொட்டியை வெயில் விழுகிற பக்கம் இழுத்தார்கள். கமலாவதி தோட்டத்துக்குப் போய் வாழைக்குற்றி ஒன்றை வெட்டிவந்து மிதக்கவிட்டார். குஞ்சைத் தூக்கி அதில் வைத்ததும் அவர்தான். கையை உடனே சேலையில் துடைத்துக்கொண்டார்.

செபஸ்தியம்மா நனைத்த துணியால் குஞ்சின் கண்களை ஒற்றிவிட்டார். யாகோப்பு சைக்கிளில் கரைக்குப் போய்ச் சின்ன இறால் வாங்கிவந்து நசித்து, ஈர்க்கு நுனியில் வைத்து வாய்க்கு நேரே பிடித்தார். பல நாள் அது வாயைத் திறக்கவேயில்லை. தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு கண் திறந்தது. பிறகு மற்றதும். ஈர்க்கோடு சேர்த்து அவருடைய விரலையும் கடித்தது. யாகோப்பு விரலைத் தூக்கிக்கொண்டு கமலாவதியிடம் காட்டப் போனார். "பல்லில்லாததுக்குப் பரவாயில்லை" என்றார் கமலாவதி. அன்று சிரித்தார்.

தொண்ணூற்றிரண்டில் குருநகர் வீட்டைக் கூரை போட்டு இருக்கக்கூடியதாக்கினார்கள். வெளிக்கிடும்போது ஆமையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குருநகர்க் கிணறுகள் எல்லாம் உவர். யாகோப்பு தொட்டியடியில் வெகுநேரம் நின்றார்.

"அது இஞ்சை கிடக்கட்டும்" என்றார் கமலாவதி. "நான் பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் யாகோப்பு இறாலோடு நீர்வேலிக்குச் சைக்கிள் மிதிப்பார். ஆமை சோற்றுக்கோப்பை அளவுக்கு வளர்ந்தது. தேசிமரத்துக்கு இப்பால், குசினிக் கதவடியில் அது கிடந்து கீரைத்தண்டு தின்பதை ஒருநாள் கண்டார். கொண்டுவந்த இறாலை அங்கேயே வைத்தார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி நடுவில், இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றடி வரிசையில், கையில் வாளியோடு கமலாவதி நிற்பதை யாகோப்பு கண்டார். மெலிந்து, சேலையெல்லாம் சேறாக இருந்தார். அவர் கேட்க முன்னமே கமலாவதி சொன்னார்.

"வெளிக்கிட முன்னம் குளத்துக்குக் கொண்டுபோய் விட்டிட்டன். தண்ணி நல்லா ஏறி நிண்டது. விட்டவுடனை போகேல்லை, காலடியிலையே நிண்டது. நான்தான் தண்ணியைத் தட்டிவிட்டன்."

"போயிட்டுதோ அக்கா?"

"ஓம். போயிட்டுது. நான் அழுதிட்டன் யாகோப்பு. வீட்டைப் பூட்டேக்கை கூட அழேல்லை."

யாகோப்பு அவருடைய வாளியை வாங்கிக்கொண்டார்.

"செபஸ்தி அந்த மரத்தடியிலை அடுப்பு மூட்டியிருக்கிறா. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

நீர்வேலியில் ஒரே வளவில் இருந்த காலத்தில் கமலாவதி அவர்களுடைய அடுப்பில் எதுவும் வாங்கிக் குடித்ததில்லை. கடல்தொழில் செய்கிற கரையார் சாதி வீட்டில் கைநனைப்பது அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் வழக்கம் இல்லை. அன்று ஈர நிலத்தில் செபஸ்தியம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சீனியில்லாத தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார்.