நஸ்ரீன் அவுட்டான நாள்

பேரணாம்பட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கபடிக் கதையை அணி பிரித்து வாசிக்கக் கொடுத்தேன். தடுமாறினால் அவுட் என்பது நானே வைத்த விதி. நஸ்ரீன் தடுமாறினாள். "அவுட். வெளியே நில்லு" என்றேன்.

இடைவேளை முடிந்ததும் அவளையும் அவள் அணியின் மூன்று பேரையும் காணவில்லை. பள்ளிச் சுவருக்குப் பின்னால் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குட்டை இருக்கிறது. சுவரில் ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு உடைப்பு. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கருத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. நஸ்ரீனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"மிஸ், இங்க இருக்கோம்!"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நால்வரும் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் ஒரு வரிதான் மிஸ். கபடில அவுட்டானவங்கள டீம்தானே உள்ள கூட்டினு வரணும்?" என்றாள் நால்வரில் ஒருத்தியான கலா.

விதியின் அந்தப் பாதியை நான் வகுப்புக்குக் கொண்டுவரவே இல்லை. நஸ்ரீன் வாசித்து முடிக்கும்வரை நானும் மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.