ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, வயலாக இருந்த இடத்தில் நாற்பது வீடுகள் எங்கள் நகர். பாதாளச் சாக்கடை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எல்லார் வீட்டுக் கழிவுநீரும் கோடியில் இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் போகும். அங்கே ஒரு மோட்டார் ஓயாமல் காற்று ஊதும். அந்தக் காற்றால் தொட்டிக்குள் உயிர் வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்று தீர்க்க, தெளிந்த நீர் பக்கத்து நிலத்து வாய்க்காலில் ஓடும்.

அந்த நிலம் ஓர் அம்மாவுடையது. சுற்றிலும் எல்லாரும் மனை போட்டு விற்ற பிறகும் விற்காமல், ஒரு கிணறும் இரண்டு மாடுகளுமாக இருப்பவர். வாய்க்காலுக்கு இடம் கேட்டு, நலச்சங்கச் செயலாளர் என்ற மிதப்பில் நான்தான் போனேன்.

"என் கெணத்துக்கு ஒண்ணும் ஆவாதே சார்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பொறுப்பும்மா" என்றேன்.

போன ஆயுத பூஜைக்குத் தொட்டியைக் கவனிக்கும் ஆபரேட்டர் ஊருக்குப் போய்விட்டார். தெருவெல்லாம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். தொட்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றித் தொலைத்தது. உள்ளே பார்த்தால் பழுப்பு நுரை, சேறு. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கவிழ்த்து, பினாயில் ஊற்றி, மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். பொரி கொடுத்தோம். பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாக்டீரியாவுக்குக் கரும்பலகையில் படம் போட்டுப் பாகம் குறித்த கை இது.

திரும்பி வந்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இன்னா சார் பண்ணி வெச்சிகீறீங்க? பூச்சி அத்தினியும் செத்துப்போச்சு. இப்ப உள்ள வர்ற சாக்கடை அப்டியே வெளிய போவுது."

வீடு வீடாக ஏறித் தண்ணீரைக் குறைத்துப் புழங்கச் சொன்னேன். பண்டிகைக்கு வந்த விருந்தாளிகளை வைத்துக்கொண்டு யார் கேட்பார்கள்? கழிவுநீர் லாரிக்குப் போன் மேல் போன் போட்டேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மண் சாலையில் லாரி வராது என்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் வாய்க்கால் கறுப்பாகப் பொங்கி, கரை தாண்டி, கிணற்றுக்குள் இறங்கியது. மணல் மூட்டை போட்டுப் பார்த்தேன். அதையும் தள்ளிக்கொண்டு போனது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வயசுக்கு அது அசிங்கம்தான், ஆனால் வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

"சாணி கரைச்சி ஊத்துனாதான் மறுபடி உசுரு புடிக்கும். அதுவும் வாரக்கணக்குல ஆவும்" என்றார் ஆபரேட்டர்.

சாணிக்கு அக்கம்பக்கத்தில் இருந்தது அந்தக் கிணற்றுக்கார அம்மாவின் தொழுவம் ஒன்றுதான்.

கூடையோடு போய் நின்றேன். செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் கூடையை வாங்கிச் சாணியை அள்ளி நிரப்பினார்.

"எவ்ளோ வேணா எடுத்துக்குங்க சார்" என்றார். "மாடு ரெண்டும் காலைலேர்ந்து தண்ணியில வாய வெக்கல. மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிதுங்க. உங்க வூட்டுலேர்ந்து ரெண்டு கொடம் குடுப்பீங்களா?"